நூறில் பத்து, பத்தில் மூன்று

ஓர் ஆண்டில் வெளிவந்த இசைத்தொகுப்புகளுள் தலைசிறந்தவை எவை என்று இசைவல்லாரும் இசை விரும்பிகளும் வாக்களித்துப் பட்டியலிடும் வழக்கம் இன்று உலகெங்கும் காணப்படுகின்றது. பட்டியல் வெளியானதும் வாதம் தொடங்கும். முதலிடம் பெற்றதற்கு அத்தகுதி உண்டா, வாக்களித்தவர்கள் நடுநிலை பிறழாதவர்களா, புதியவர்களுக்கு இடம் கொடுத்துப் பழையவர்களை மறந்தனரா என்றெல்லாம் வினாக்கள் எழும். இவ்வழக்கத்தையும் இவ்வினாக்களையும் நம் காலத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டா. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே பக்தாதில் இத்தகைய தேர்வு ஒன்று நடந்தது. அதன் முடிவைப் பற்றி எழுந்த கருத்து வேறுபாடும், அவ்வேறுபாட்டை ஓர் அறிஞர் ஆராய்ந்து தீர்த்த முறையும் அரபி இலக்கியத்தின் மாபெரும் நூலொன்றின் முதற் பக்கங்களிலேயே பதிவாகியுள்ளன. அந்நூல் 'கிதாபுல் அகானீ' என்னும் பாடல்களின் நூல். அதனை யாத்தவர் அபுல் ஃபரஜ் அல்-இஸ்பஹானீ (ஹிஜ்ரி 284–356, கி.பி. 897–967).

உகாழ் சந்தையின் நடுவர்

அரபியர், கலைஞர்களைத் தரம் பிரிப்பதில் தொன்றுதொட்டே ஆர்வம் கொண்டவர்கள். இஸ்லாத்துக்கு முன் தாயிஃபுக்கு அருகே கூடிய உகாழ் சந்தையில், செந்தோல் கூடாரம் ஒன்றின் கீழ் நாபிகா அத்துப்யானீ என்னும் முதுபெரும் புலவர் அமர்ந்திருப்பார். ஏனைய புலவர்கள் தத்தம் கவிதையை அவர்முன் ஓதித் தீர்ப்புப் பெறுவர். ஒருமுறை அஃஷா, ஹஸ்ஸான் இப்னு ஸாபித், கன்ஸா ஆகியோர் அவர்முன் பாடினர். அஃஷாவுக்கு முதலிடம் தந்த நாபிகா, அவர் முந்திப் பாடியிராவிட்டால் அவ்விடத்தைக் கன்ஸாவுக்கே வழங்கியிருப்பேன் என்ற கருத்துப்படக் கூறினார். ஹஸ்ஸான் பொறுக்கவில்லை, உங்களையும் அப்பெண்ணையும் விட நானே சிறந்த கவிஞன் என்று வெகுண்டெழுந்தார். இவ்விருவரும், அதாவது ஹஸ்ஸான் (ரலி) அவர்களும் கன்ஸா (ரலி) அவர்களும், பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவினர். ஹஸ்ஸான் (ரலி) நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கவிஞர் என்னும் பெரும் பேற்றினை அடைந்தார்கள்.

உகாழின் தீர்ப்பு ஒருவருடைய தீர்ப்பு. அவர் எவ்வளவு பெரியவராயினும், தனியொருவரின் சுவையே அளவுகோலாக அமைந்துவிடுகின்றது. பக்தாதில் நடந்தது இதனினும் ஒரு படி மேலானது. அங்குத் துறை வல்லுநர்கள் பலர் கூடி முடிவு செய்தனர்.

கலீபாவின் கட்டளை

அப்பாஸிய கலீபா ஹாரூன் அர்-ரஷீத் ஆட்சி புரிந்த காலம் ஹிஜ்ரி 170 முதல் 193 வரை, அதாவது கி.பி. 786 முதல் 809 வரை. அவருடைய அவையில் பாடகர்கள் பலர் இருந்தனர். அவர்களுள் இப்ராஹீம் அல்-மௌஸிலீ, இஸ்மாயீல் இப்னு ஜாமிஉ, ஃபுலைஹ் இப்னு அபில் அவ்ரா ஆகிய மூவரும் முதல் வரிசையினர். அதுவரை அரபு மண்ணில் பாடப்பட்ட பாடல்கள் அனைத்திலிருந்தும் மிகச் சிறந்தவற்றைத் தேர்ந்து தருமாறு கலீபா கட்டளையிட்டார். இப்ராஹீம் ஹிஜ்ரி 188-இல் (கி.பி. 804) காலமாகிவிட்டபடியால், இத்தேர்வு அதற்கு முன்னரே நடந்திருத்தல் வேண்டும்.

இங்கே 'பாடல்' என்பதன் பொருளை விளக்கிக்கொள்வது நலம். அரபியில் இதனை 'ஸவ்த்' என்பர். ஒரு புலவரின் கவிதையிலிருந்து எடுத்த சில அடிகளும், அவ்வடிகளுக்கு ஓர் இசைவாணர் அமைத்த மெட்டும் சேர்ந்ததே ஒரு ஸவ்த். ஆகவே ஒவ்வொரு பாடலுக்கும் உரியவர்கள் இருவர். யாத்தவர் ஒருவர், இசையமைத்தவர் மற்றொருவர். நடுவர்கள் எடைபோட்டது பெரும்பாலும் இரண்டாமவரின் திறத்தையே.

இரண்டு அறிவிப்புகள்

இத்தேர்வு எவ்வாறு நடந்தது என்பது குறித்து இரண்டு அறிவிப்புகள் அபுல் ஃபரஜுக்குக் கிடைத்தன. முதலாவது, யஹ்யா இப்னு அலீ அல்-முனஜ்ஜிம் தம் தந்தையிடமிருந்தும், அத்தந்தை இஸ்ஹாக் அல்-மௌஸிலீயிடமிருந்தும், இஸ்ஹாக் நடுவர்களுள் ஒருவரான தம் தந்தை இப்ராஹீமிடமிருந்தும் கேட்டது. இதன்படி, கலீபா மூன்று பாடல்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பாடகர்கள் ஒருமித்து மூன்றினைத் தேர்ந்தனர். 'இஜ்மாஉ' என்று ஃபிக்ஹுக் கலையில் நாம் பயிலும் சொல்லின் வேரே இவ்வொருமைப்பாட்டைக் குறிக்கவும் ஆளப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது, ஜஹ்ழா என்னும் பாடகர் வழியாக வந்தது. இதன்படி தேர்வு மூன்று படிகளில் நடந்தது. முதலில் நூறு பாடல்கள், அந்நூறில் பத்து, அப்பத்தில் மூன்று. இறுதி மூன்றில் ஒன்றை மட்டும் இரு அறிவிப்புகளும் ஒப்புக்கொள்கின்றன. மற்றை இரண்டில் அவை வேறுபடுகின்றன.

இருவரும் ஒப்புக்கொண்ட பாடல், நுஸைப் என்னும் புலவரின் அடிகளுக்கு இப்னு முஹ்ரிஸ் இசையமைத்தது. முதல் அறிவிப்பின்படி எஞ்சிய இரண்டு: அபூ கதீஃபாவின் கவிதைக்கு மஅபத் அமைத்த மெட்டும், உமர் இப்னு அபீ ரபீஆவின் கவிதைக்கு இப்னு சுரைஜ் அமைத்த மெட்டும். இரண்டாம் அறிவிப்பின்படியோ, மஜ்னூனின் கவிதைக்கு இப்னு முஹ்ரிஸ் அமைத்ததும், அல்-அர்ஜீயின் கவிதைக்கு இப்ராஹீம் அல்-மௌஸிலீ அமைத்ததும் அவ்விடங்களைப் பெற்றன.

வாசகர்கள் கடைசிப் பெயரைக் கவனித்திருப்பார்கள். இப்ராஹீம் நடுவர்களுள் ஒருவர். நடுவரின் சொந்தப் பாடலே இறுதி மூன்றில் ஒன்றாக வந்துவிட்டது என்கிறது அவ்வறிவிப்பு.

அபுல் ஃபரஜின் தராசு

இவ்விடத்தில்தான் அபுல் ஃபரஜின் அறிவுக்கூர்மை புலப்படுகின்றது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராய்வதோடு செய்தியின் உள்ளீட்டையும் ஆராய்வது நம் இமாம்கள் வகுத்த நெறி. முன்னதனை இஸ்னாத் என்றும் பின்னதனை மத்னு என்றும் வழங்குவோம். மார்க்கச் சட்டத்தோடு தொடர்பில்லாத ஓர் இசைச் செய்தியிலும் அபுல் ஃபரஜ் அந்நெறியையே கையாளுகின்றார். ஒவ்வொரு செய்திக்கும் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று தொடரை முழுமையாக எழுதுகின்றார். பின்னர் உள்ளீட்டை எடைபோட்டு, முதல் அறிவிப்பே ஏற்புடையது என்று முடிவு கட்டுகின்றார். அதற்கு அவர் கூறும் காரணங்கள் இரண்டு.

முதற்காரணம் கலை சார்ந்தது. யஹ்யாவின் பட்டியலில் உள்ள பாடல்களின் அமைப்பு நேர்த்தியும், தொடக்கமும் முடிவும் பொருந்தி நிற்கும் உறுதியும் மற்றைப் பாடல்களில் இல்லை. அவை இவற்றுக்கு நிகராகா என்கின்றார். அவர் காலத்தில் இப்பாடல்கள் இன்னும் பாடப்பட்டு வந்தமையால், கேட்டு ஒப்பிடும் வாய்ப்பு அவருக்கு இருந்தது.

இரண்டாம் காரணம் மனித இயல்பு சார்ந்தது. இப்னு ஜாமிஉவும் ஃபுலைஹும் இப்ராஹீமுக்குக் குறைந்தவர்கள் அல்லர். எல்லாப் பாடல்களிலும் மேலான மூன்றில் ஒன்றாக இப்ராஹீமின் பாடலை அவர்கள் ஏற்றிருந்தால், தங்களைவிட அவரே தலைவர் என்று தாங்களே எழுதிக் கொடுத்தது போலாகும். அவரை அவ்வாறு கருதாத அவர்கள் அதற்கு எங்ஙனம் இசைந்திருப்பர்? அபுல் ஃபரஜின் இவ்வினாவுக்கு இன்றுவரை எவரும் தக்க மறுமொழி கூறியதாகத் தெரியவில்லை. தேர்ந்தெடுப்போர் தம் ஆக்கத்துக்குத் தாமே வாக்களித்தல் ஆகாது என்னும் நியதி எழுதப்படாத காலத்திலும், ஒருவரையொருவர் கண்காணிக்கும் சமநிலையே அந்நியதியைக் காத்தது என்பது அவர் வாதத்தின் உட்பொருள்.

வெற்றி பெற்றவர்கள் யாவர்?

அவர் ஏற்ற மூன்று பாடல்களையும் சற்று உற்று நோக்கினால் வியப்பு மேலிடும். இசையமைத்த மூவருமே 'மவாலீ' எனப்படும் வகுப்பினர். அதாவது அரபுக் குலங்களைச் சார்ந்து வாழ்ந்த பிறப்புரிமையற்ற மக்கள். மதீனாவின் மஅபத், மக்காவின் இப்னு சுரைஜ் இருவரும் அவ்வகையினர். இப்னு முஹ்ரிஸ் பாரசீக வழியினர். தொழுநோய்க்கு ஆளானமையால் மக்களோடு கலவாது ஒதுங்கி வாழ்ந்தவர். அவர் இசையை ஓர் அடிமைப் பெண் கற்று, அவள் வழியாகவே அது மக்களிடையே பரவியது என்பர். அவர் இசையமைத்த அடிகளுக்கு உரிய நுஸைப், அடிமையாய்ப் பிறந்து கவித்திறத்தால் விடுதலை பெற்ற கறுப்பினக் கவிஞர். நோயினால் ஒதுக்கப்பட்ட ஒருவரும், அடிமைத் தளையிலிருந்து மீண்ட ஒருவரும் சேர்ந்து ஆக்கிய பாடலே இரு அறிவிப்புகளும் மறுக்காத ஒரே பாடல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவர்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெண்மணி நிற்கின்றார். மதீனாவில் வாழ்ந்த ஜமீலாவே அவர். இக்கலைக்கு வேர் ஜமீலா, நாங்கள் கிளைகள். அவர் இல்லையேல் நாங்கள் பாடகர்களே ஆகியிருக்க மாட்டோம் என்ற கருத்தை மஅபதே கூறியதாக அகானீயில் காண்கிறோம். பட்டியலின் உச்சியில் ஆசிரியையின் பெயர் இல்லை. மாணவரின் பெயர் உண்டு. தேர்வுகள் எக்காலத்திலும் கிளைகளையே காண்கின்றன.

இன்னொரு செய்தி அரசியல் சார்ந்தது. அப்பாஸியர், உமையாக்களின் ஆட்சியைக் கி.பி. 750-இல் வீழ்த்தி, அக்குடும்பத்தினரைத் தேடித் தேடி அழித்தவர்கள். அரை நூற்றாண்டு கழிவதற்குள், அப்பாஸிய கலீபாவுக்காக அவர் அவைப் பாடகர்கள் தேர்ந்த பாடல்களுள் ஒன்று உமையாக் குடும்பத்து அபூ கதீஃபாவின் கவிதையாக இருந்தது. நடுவர்கள் அதனை மறைக்கவில்லை.

அபூ கதீஃபாவின் வரலாறு உள்ளத்தை உருக்குவது. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் ஹிஜாஸில் ஆட்சி செலுத்தியபோது உமையாக்கள் மதீனாவிலிருந்து ஷாமுக்கு வெளியேற்றப்பட்டனர். அபூ கதீஃபாவும் அவர்களுள் ஒருவர். டமாஸ்கஸின் மாளிகை வாயில்களைவிட, மதீனாவின் ஒரு கோட்டையும், பேரீச்சந் தோப்பும், அருகிலுள்ள குன்றுமே தம் நெஞ்சுக்கு இனியவை என்று அவர் பாடினார். அவருடைய ஏக்கக் கவிதைகள் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களின் செவிக்கு எட்டின. அவருக்கு அபயம் அளித்துத் திரும்பி வரலாம் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். செய்தி கேட்ட கவிஞர் உடனே புறப்பட்டார். மதீனாவை அடையுமுன் வழியிலேயே உயிர் நீத்தார். மதீனாவின் பெயரைக் கேட்டாலே கண் கலங்கும் நம் மக்களுக்கு இப்பாடல் ஏன் தேர்வு பெற்றது என்பதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

தினார், திர்ஹம், காசு

இப்ராஹீமின் மகன் இஸ்ஹாக் அல்-மௌஸிலீ (ஹிஜ்ரி 150–235) தந்தையையும் விஞ்சிய கலைஞர். மார்க்க அறிவும் மொழியறிவும் வாய்ந்தவர். தந்தையின் மீது அவர் கொண்ட அன்பு, அவருடைய நடுநிலையைக் குலைக்கவில்லை. இப்ராஹீம் தொள்ளாயிரம் பாடல்கள் இயற்றினார். அவற்றுள் முந்நூறு பொற்காசு போன்றவை, முந்நூறு வெள்ளிக்காசு போன்றவை, முந்நூறு செப்புக்காசு போன்றவை என்று அக்குடும்பத்திலேயே தரம் பிரித்திருந்தனர். பிற்காலத்தில் இஸ்ஹாக் கடைசி முந்நூற்றையும் விலக்கிவிட்டார். தந்தையின் பாடல்கள் எத்தனை என்று வினவுவோர்க்கு அறுநூறு என்றே விடையளித்தார். தந்தையின் புகழைக் கூட்டுவதற்காக அவர் பாடல்களைக் குறைத்த மகன் அவர்.

கலீபா அல்-வாஸிக் (ஆட்சி: கி.பி. 842–847) தாமே ஊது என்னும் யாழை மீட்டவும் மெட்டமைக்கவும் வல்லவர். ஹாரூன் காலத்துத் தேர்வினைப் பற்றிய பேச்சு அவர் அவையில் எழுந்தபோது, அதனைத் திருத்தியமைக்கும் பொறுப்பினை இஸ்ஹாக்கிடம் ஒப்படைத்தார். மேலானவை என்று தோன்றுவனவற்றைச் சேர்த்து, தகுதி குறைந்தவற்றை அகற்றுமாறு பணித்தார். இஸ்ஹாக் கைக்கொண்ட விதி நம் காலத்துக்கும் பொருந்துவது. ஒவ்வொரு காலத்தவரின் பாடல்களிலும் அக்காலத்து வல்லுநர்கள் ஒருமித்துப் போற்றியவற்றை எடுத்தார். பின்னர்த் தம் காலத்தவரின் புதிய பாடல்களையும் நோக்கினார். முன்னோரின் நெறியில் நின்றவற்றை, அவை அண்மையில் தோன்றியவை என்ற ஒரே காரணத்துக்காகக் குறைத்து மதிப்பிடாமல், உரிய பங்கைக் கொடுத்தார். முந்திய பெருமை முன்னோர்க்கே உரியதாயினும் நல்ல பாடல் எக்காலத்திலும் பிறக்கலாம் என்பது அவர் கொள்கை. இத்தனைக்கும் அவர் பழைமைக்காக வாதாடியவர். ஹாரூனின் தம்பியும், கி.பி. 817 முதல் 819 வரை பக்தாதில் கலீபாவாக அறிவிக்கப்பட்டிருந்தவருமான இப்ராஹீம் இப்னுல் மஹ்தீ பழைய மெட்டுகளைத் தம் விருப்பம்போல் மாற்றிப் பாடியபோது, அரச குலத்தவர் என்று அஞ்சாமல் நெடுங்காலம் அவரோடு வாதிட்டவர் இஸ்ஹாக்.

காழியும் பாடகரும்

இசையைப் பற்றி இவ்வளவு எழுதுவது தகுமா என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. இசையையும் இசைக்கருவிகளையும் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பது மறைக்க வேண்டிய ஒன்றன்று. இப்னு அபித் துன்யா (ரஹ்) கேளிக்கைக் கருவிகளைக் கண்டித்துத் தனி நூலே இயற்றினார்கள். அந்தலூஸின் இப்னு ஹஸ்ம் (ரஹ்) ஆகும் என்னும் பக்கம் நின்றார்கள். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் இஹ்யாவில் செவிமடுத்தல் பற்றித் தனிப் பகுதி வகுத்து, கேட்பவரின் உள்ளமும் பாடலின் பொருளும் இடமும் காலமும் நோக்கி விதி வேறுபடும் என விளக்கினார்கள்.

அகானீயில் இதுபற்றிச் சுவையானதொரு நிகழ்ச்சி உண்டு. நடுவர் மூவருள் ஒருவரான இப்னு ஜாமிஉ குறைஷியர்; மார்க்க அறிஞர் போன்ற உடையணிபவர். கலீபாவின் வாயிலில் அவரைக் கண்ட காழி அபூ யூஸுஃப் (ரஹ்), ஆலிம் ஒருவர் என்றெண்ணி அன்போடு உரையாடினார்கள். பின்னர் அவர் பாடகர் என்றறிந்து விலகினார்கள். இதனை உணர்ந்த இப்னு ஜாமிஉ, முரட்டுக் குரலுடைய நாட்டுப்புற அரபி ஒருவன் உங்கள்முன் நாபிகாவின் கவிதையை ஓதினால் குற்றம் காண்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள் காழி. உடனே அவர் அதே அடிகளை இனிய குரலில் பாடி முடித்து, இதில் நான் எதனையேனும் கூட்டினேனா, குறைத்தேனா என்று வினவினார். அல்லாஹ் உமக்கு நலம் அருள்வானாக, இதிலிருந்து எம்மை விட்டுவிடும் என்ற அளவில் காழி அமைந்துவிட்டார்கள்.

இந்நிகழ்ச்சியை ஃபத்வாவாகக் கொள்ளுதல் கூடாது. அபுல் ஃபரஜ் கூறும் செய்திகள் அனைத்தையும் ஒரே தரத்தில் நம்புவதும் கூடாது. இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) போன்றோர் அவரைக் கடுமையாகவே விமர்சித்துள்ளனர். அவர் காட்டும் அரண்மனைகளின் கேளிக்கை வாழ்வு நமக்கு முன்மாதிரியும் அன்று. ஆயினும் அரபு மொழியையும் அம்மக்களின் வாழ்வையும் அறிய விழைவோர் அந்நூலைத் தவிர்க்க இயலாது. இப்னு கல்தூன் அதனை அரபியரின் பதிவேடு எனப் பாராட்டினார். 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதியை ஆக்கிய இப்னு மன்ழூர் அதனைச் சுருக்கி அகரவரிசையில் அமைத்தார். குர்துபாவின் கலீபா இரண்டாம் ஹகம், அதன் படி ஒன்றுக்காக ஆயிரம் தினார் அனுப்பினார் என்பர்.

எஞ்சியது எது?

நூறு பாடல்களைத் தேர்ந்த செய்தியே அந்நூலுக்கு வாயிலாயிற்று. அபுல் ஃபரஜ் முதலில் அம்மூன்று பாடல்களையும், அடுத்து நூறில் எஞ்சியவற்றையும், பின்னர்ப் பிற பாடல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, யாத்தவர் யார், இசைத்தவர் யார், எச்சூழலில் பிறந்தது என்று விரித்துக்கொண்டே போனார். ஐம்பது ஆண்டுகள் உழைத்தார் என்று கூறப்படுகின்றது. ஹிஜ்ரி 1285-இல் (கி.பி. 1868) கெய்ரோவின் பூலாக் அச்சகம் அதனை இருபது பாகங்களாக வெளியிட்டது. எகிப்து நாட்டு நூலகமான தாருல் குதுப் 1927-இல் தொடங்கிய செம்பதிப்பு இருபத்துநான்கு பாகங்களாக விரிந்தது.

ஒவ்வொரு பாடலின் கீழும் இஸ்ஹாக் வகுத்த முறைப்படி குறிப்பு ஒன்று உண்டு. தாளம் இன்னது, ஊதின் நரம்பில் தொடங்கும் விரல் இன்னது, நடுவிரலின் வழியா, மோதிரவிரலின் வழியா என்று அது கூறும். அக்காலத்தவர்க்கு இவ்வளவே போதும். ஏனெனில் மெட்டு அவர்கள் செவியில் இருந்தது. நமக்கோ விரலின் பெயர் எஞ்சியது, மெட்டு எஞ்சவில்லை. பேரரசின் வல்லுநர்கள் கூடி இதனினும் சிறந்தது இல்லை என்று தேர்ந்த மூன்று பாடல்களையும் இன்று கேட்கும் பேறு உலகில் எவருக்கும் இல்லை. பட்டியலால் பாட்டைக் காப்பாற்ற முடியவில்லை. பாடியவர்களின் பெயரையும், அவர்களுடைய துயரத்தையும் வறுமையையும் அது காப்பாற்றியது.

இச்செய்தியை நம் இல்லங்களிலும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் மூதாட்டியர் பாடிய தாலாட்டுகளும், முனாஜாத்துகளும், படைப்போர், கிஸ்ஸா, நாமா ஆகியவற்றை ஓதிய மெட்டுகளும் நம்மிடையே எத்தனையோ உண்டு. பழைய அச்சுப் பிரதிகளில் பாடலின் தலைப்பில் இராகம், தாளம் என்று ஒரு வரி காணப்படும். அவ்வரியும் இஸ்ஹாக்கின் விரற்குறிப்பைப் போன்றதே. மெட்டை அறிந்தவர் உள்ளவரையில்தான் அதற்குப் பொருள் உண்டு. குரலைப் பதிவு செய்யும் கருவி இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றது. வீட்டிலுள்ள முதியோரிடம் ஒரு பாடலைக் கேட்டுப் பதிவு செய்து, அது யார் பாடியது, அவருக்குக் கற்பித்தவர் யார் என்று அபுல் ஃபரஜைப் போலத் தொடரோடு எழுதி வைப்பது பெரிய காரியமன்று. அவற்றுள் சிறந்தது எது என்னும் தேர்வைப் பிள்ளைகள் பின்னர் நடத்திக்கொள்ளட்டும். தேர்வதற்குப் பாடல் இருக்க வேண்டும் என்பதே நம் கவலை.